மேற்படி விலாசம்

திருவனந்தபுரத்தில் நிலப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். அதை எழுதித் தருகிறவர்கள் ரிஜிஸ்தர் ஆபீஸைச் சுற்றி, மாடிப்படிக்குக் கீழே, கடைச் சந்துக்குள்ளே என்று எங்கும் மேசை போட்டிருப்பார்கள். ஒரே வீடு, ஒரே சர்வே நம்பர் இரண்டாவது தடவை வந்தால் அவர்கள் மறுபடி எழுத மாட்டார்கள். மேற்படி என்று போட்டுவிடுவார்கள். மலையாளத்தில் மேப்படி.

பூதலிங்கம் முப்பது வருடம் ஆதாரம் எழுதினான். இருபத்துநாலு வருடம் என்னை மேப்படி என்று கூப்பிட்டான். "மேப்படி, குடையை எடுத்தியா?" "மேப்படிக்கு இன்னைக்கு என்ன கோவம்?" இப்படி. போன ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெயரில் கூப்பிட எனக்கு ஆள் இல்லை.

அவனுடைய அப்பா சுசீந்திரம் பக்கத்துக்காரர். சாலை என்கிற கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடை வைத்திருந்தார். மகன் கடையில் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் இருபத்தைந்து வயதில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்திருப்பார்கள். அவன் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி, சாலைக்கு அடுத்த ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் ஒரு மாடி அறையில் மேசை போட்டான். நிலப் பத்திரத்தை விட அவனிடம் அதிகம் வந்தது கல்யாண நோட்டீஸ். ஸ்பெஷல் மேரேஜ் சட்டப்படி கட்டிக்கொள்ள வருகிறவர்கள்: சாதி மாறி, மதம் மாறி, சில சமயம் நாடு மாறி. முப்பது நாள் அவர்களுடைய நோட்டீஸ் போர்டில் தொங்க வேண்டும். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால், மூன்று சாட்சிகளோடு வந்து ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும்.

நான் சங்கரன்கோவில்காரன். பி.ஏ. சரித்திரம். இரண்டாயிரத்து ஒன்றில் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்கு வந்தேன். வந்த இரண்டாவது வாரம், லாட்ஜ் குத்தகைப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி முதலாளி என்னை அந்த மாடிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண்ணும் பையனும் வியர்த்து வழிய நின்றிருந்தார்கள். ஒரு சாட்சி குறைகிறது. பூதலிங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒரு ஒப்பு போடுவியாடே?"

"போடுதேன்."

"இங்க எங்க தாமசம்?"

"லாட்ஜ்லதான். ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால பாய் விரிச்சுப் படுக்கேன்."

"மேசைக்குப் பின்னாலன்னு சர்க்கார் புக்குல எழுத முடியாது கேட்டியா."

இரண்டாம் சாட்சியின் இடத்தில் தன் பெயரையும் மணக்காட்டு வீட்டு விலாசத்தையும் எழுதினான். அதற்குக் கீழே என் பெயர். அதற்கு நேராக ஒரே வார்த்தை: மேப்படி.

"அப்படின்னா என்ன?"

"மேல சொன்ன வீட்டுல தாமசம்னு அர்த்தம்."

"அது பொய்யில்லா?"

"இன்னைக்குப் பொய்தான். நீ வந்து தங்கிட்டேன்னு வை, பின்னே அது சத்தியம்."

அந்தப் பெண் பயந்துபோனாள். "அண்ணா, இதனால நாளைக்கு எங்களுக்கு ஏதும் ஆகுமா?"

"பெண்ணு பேரு தப்பினா கல்யாணம் தப்பும் மோளே. சாட்சி விலாசம் தப்பினா ஒண்ணும் ஆவாது. எழுதினவனுக்கு நாணக்கேடு, அம்புட்டுதான்."

ஏழு மாதம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் சிரிக்கவில்லை. "இப்பம் ரிக்கார்டு செரியாச்சு" என்றான்.

வெளியே அவன் எனக்கு அண்ணாச்சி, வாங்க, போங்க. கதவைச் சாத்தினால் நீ. அக்கம்பக்கத்தில் எங்களைத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்தார்கள். சிலர் அப்படி நினைக்க நாங்களே இடம் கொடுத்தோம். வீட்டுக்காரர்கள் எங்களை பேச்சிலர்கள் என்றார்கள். நாற்பத்தைந்து வயதிலும் பேச்சிலர். மணக்காட்டு வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றபோது வேறு வீடு தேடி ஆறு மாதம் அலைந்தோம். "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று எத்தனை கேட்டில் கேட்டிருப்போம். கடைசியில் கரமனையில் மாடிப் பகுதி ஒன்று கிடைத்தது.

சொன்னால் சிரிப்பீர்கள், கடைத்தெருவில் புருஷனைத் திட்டும் பெண்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். சாலையில் பருப்புக் கடை வாசலில் நின்று, "உங்களுக்குக் கண்ணு பொட்டையா? வண்டு கிடக்கது தெரியலியா?" என்று ஊர் கேட்க ஒருத்தி கத்துவாள். அந்த மனிதர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பூதலிங்கத்தைத் தெருவில் ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டுவதற்கு அவன் நிறையவே காரணம் வைத்திருந்தான். வண்டுள்ள பருப்பைத்தான் எப்போதும் வாங்கிவருவான்.

லாட்ஜிலும் அதே எரிச்சல். ஆணும் பெண்ணும் வந்தால் கல்யாண சர்ட்டிபிகேட் கேள் என்பது முதலாளியின் உத்தரவு. கேட்பேன். அவர்கள் முகம் சிவந்து, பையைக் கிளறி, மடித்து மடித்துக் கிழிந்த காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு ஆண்கள் வந்தால் எதுவும் கேட்கத் தேவையில்லை, சாவியைக் கொடுத்துவிடலாம். நானும் பூதலிங்கமும் கொல்லத்துக்கும் குருவாயூருக்கும் போய் அறை எடுத்திருக்கிறோம். யாரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. ஒருவராவது, நீங்கள் இரண்டு பேரும் யார் என்று கேட்டிருக்கலாம்.

அவனுக்கு இந்த நோய் கிடையாது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். மேசை இழுப்பறையில் ஒரு சீப்பு, ஊக்கு அட்டை, பவுடர் டப்பா, சின்ன டவல் வைத்திருந்தான். வீட்டைவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் தலை கலைந்து வருவார்கள், போட்டோவுக்கு முன்னால் முகம் துடைக்க வேண்டுமே. எதிர்க்கடையிலிருந்து டீ சொல்லுவான். முப்பது நாளும் மாடி ஜன்னலிலிருந்து நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை நாலைந்து பேர் வந்து, வேறு மதத்துப் பையன் பெயர் உள்ள நோட்டீஸ்களை மட்டும் தேடித் தேடிப் படம் எடுத்தார்கள். வெயில் கொளுத்திய அந்தப் பகலில் பூதலிங்கம் இறங்கிப்போய், போர்டுக்கு முன்னால் குடையை விரித்து நின்றுகொண்டான்.

"எந்தா சேட்டா, மழை உண்டோ?"

"வரும். வானத்தப் பாத்தா தெரியல்லியா?"

அவர்கள் போகும்வரை அவன் குடையை மடக்கவில்லை.

சாட்சி குறையும் ஒவ்வொரு முறையும் எனக்கு போன் வரும். "மேப்படி, ஒரு பத்து நிமிஷம் வா." தம்பானூரிலிருந்து நடந்தே போவேன். அவன் பெயர், அதன் கீழே என் பெயர், மேப்படி. வெளியே வந்ததும் அந்தப் புது ஜோடி ஆட்டோவில் நெருங்கி உட்கார்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் சாட்சி சொன்ன கல்யாணங்களில் ஒன்றில்கூட மனசார வாழ்த்தவில்லை.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில் அவன் லாட்ஜுக்கு வந்துவிட்டான். ரிசப்ஷன் டி.வி.க்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கும் இடம் உண்டா என்பதுதான் கேள்வி. இல்லை, அதைப் பாராளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்று முடிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரூம் கேட்டு வந்தவர்களுக்கு நான் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "செரி, ஜோலி கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். போய் என்ன செய்தான்? ஒரு ஜோடிக்கு நோட்டீஸ் எழுதினான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீ எழுதிக் குடுக்க ஒவ்வொரு நோட்டீசும் என் வயித்துல கங்கு."

"அதுக்கு அந்தப் பிள்ளைகள் என்னடே செய்யும்?"

"உனக்குப் பொறாமையே கிடையாதா?"

"ஆரப் பாத்து?"

"எல்லாத்தையும் பாத்து! நேத்துப் பார்த்துக்கிட்டவன், முந்தாநாள் சண்டை போட்டவன், எல்லாவனும் கட்டிக்கிடுதான்லா?"

அவன் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியை வைத்துவிட்டு, "அவங்களுக்குக் கிடைச்சது நமக்குக் கிடைக்கல்லை. கிடைக்கணும். கிடைக்கதுவரைக்கும் அவங்களுக்கும் வேண்டாம்னு நான் பேனாவை மூடி வைக்கணுமா?" என்றான். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரு பேரும் அந்த புக்குல எத்தனை பக்கத்துல அடுத்தடுத்து கிடக்கு, தெரியுமா?" என்றான்.

"சாட்சியாட்டுல்லா."

"கிடக்கா இல்லியா?"

சாப்பிட உட்கார்ந்தபோது, சாம்பாரில் உப்பு அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

போன மே மாதக் கடைசியில் கௌசல்யாவும் ஒச்சியெங்கும் அவன் மாடிக்கு வந்தார்கள். அவள் பொன்முடி எஸ்டேட் லயத்தில் பிறந்த பெண். அப்பா, அம்மா இரண்டு பேரும் தேயிலை பறித்தவர்கள். அவன் கென்யாக்காரன். காரியவட்டம் கேம்பசில் இரண்டு பேரும் படிக்கிறார்கள். அவன் ஆராய்ச்சி, அவள் எம்.எஸ்ஸி. அன்று வீட்டுக்கு வந்து பூதலிங்கம் அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். "அவன் ஊருலயும் தேயிலைதானாம்டே. இவ அம்மையும் பறிக்கா, அவன் அம்மையும் பறிக்கா. பொண்ணுக்க அப்பன் என்ன சொன்னான் தெரியுமா? வேற சாதின்னாக்கூட லயத்துல சொல்லிச் சமாளிப்பேன், இவனை எந்தச் சாதின்னு சொல்லன்னு கேட்டானாம்." சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவனுக்கு இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் காதில் விழுந்தது.

ஜூன் பத்தொன்பதாம் தேதி, நல்ல மழை. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் கையிலிருந்து பேனா விழுந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் ஐ.சி.யு.வுக்குள் இருந்தான். எனக்கு ஒரு பைஸ்டாண்டர் பாஸ் கொடுத்தார்கள். கூட நிற்பவன் என்று அர்த்தம். கூட நிற்கலாம். ஆனால் ஆபரேஷனுக்கு ஒப்புப் போட வேண்டும். ஃபாரத்தில் பந்தம் என்று ஒரு கட்டம். அதில் ஃப்ரெண்ட் என்று எழுதினேன். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ரிலேட்டிவ் ஆரும் இல்லே சேட்டா?"

அவன் தங்கை மங்கலம் நாகர்கோவிலிலிருந்து டாக்ஸி பிடித்து வந்தாள். அவள் வந்து சேர இரண்டரை மணி நேரம். வந்ததும் நின்றபடியே ஒப்புப் போட்டாள். அண்ணனுக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன். டாக்டர் அவளிடம், "தாங்க்யூ மேடம்" என்றார்.

மூன்றாம் நாள் போய்விட்டான்.

வாய்க்கரிசிக்கு ஒரு வரிசை உண்டு. தங்கை, தங்கை மகன், பங்காளிகள், சம்பந்தக்காரர்கள், அப்புறம் அக்கம்பக்கம். நான் அக்கம்பக்கத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் எதிர்க் கடை டீக்காரர் நின்றார். கொள்ளி வைக்க மங்கலத்தின் மகன் மகேஷ்குமார். அவன் மாமாவை வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தவன். மங்கலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் அழுதார்கள். என்னிடம் ஒருவர், "இனி வாடகையப் பங்கு போட வேற ஆளு பாக்கணும் இல்லியா?" என்று அக்கறையாகக் கேட்டார். லாட்ஜில் ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். மனைவியின் பெரியப்பா செத்ததற்கு எங்கள் மேனேஜர் ஐந்து நாள் எடுத்திருந்தார்.

மங்கலம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆகஸ்ட் முதல் வாரம் தூக்குவாளியில் உள்ளித்தீயல் குழம்பு கொண்டுவந்தாள். அண்ணனுக்குப் பிடித்தது, எனக்கும் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாலைக் கடையில் அண்ணன் பங்கை மாற்ற வாரிசு சர்ட்டிபிகேட் வேண்டுமாம். வில்லேஜ் ஆபீஸில் அவனை அறிந்த ஒருவர் மொழி, அதாவது வாக்குமூலம், கொடுக்க வேண்டும்.

"தம்பி, நீதான் இவ்வளவு நாளும் அவன்கூட இருந்த பிள்ளை. நீ சொன்னா ஆபீசர் மறு வார்த்தை கேக்க மாட்டாரு."

போனேன். காகிதம் தயாராக இருந்தது. மேப்படி பூதலிங்கம் விவாகம் ஆகாதவர் என்றும், மனைவி மக்களோ வேறு அவகாசிகளோ, வாரிசுகளோ இல்லாதவர் என்றும், மேற்படி விவரம் எனக்கு நேரில் தெரியும் என்றும் எழுதியிருந்தது. அதுவரை நான்தான் மேப்படியாக இருந்தேன். அன்றைக்கு அவனை மேப்படி ஆக்கியிருந்தார்கள். ஒப்புப் போட்டேன். திரும்பி வரும்போது மங்கலம், "அவன் சட்டை ஏதாவது வேணும்னா நீ எடுத்துக்கோ தம்பி" என்றாள். எங்கள் இருவர் சட்டையும் ஒரே அலமாரியில், ஒரே கம்பியில் தொங்கின. எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கௌசல்யாவும் ஒச்சியெங்கும் லாட்ஜுக்கு வந்தார்கள். நான் அவர்களை அதற்குமுன் பார்த்ததில்லை. அவன் ஆறடிக்கு மேல் உயரம், வாசல் நிலையில் குனிந்து வந்தான். அவளுக்கு மெலிந்த முகம், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"வெங்கிடேஷ் மாமா நீங்கதானே?"

"ரூமா?"

"இல்ல மாமா. பூதலிங்கம் மாமா எழுதின ஃபாரம்ல உங்க பேரு இருக்கு. அந்த விலாசத்துக்குப் போனோம், இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க."

ஃபாரத்தை மேசைமேல் வைத்தாள். சாட்சிகள் இடத்தில், முதல் வரியில் அவள் தோழி ராகேல். இரண்டாவது வரியில் பென்சிலில் பூதலிங்கம், கரமனை விலாசம். மூன்றாவது வரியில், அதே பென்சிலில், என் பெயர். நேராக: மேப்படி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதி வைத்திருக்கிறான்.

"மாமா இறந்தது எங்களுக்குத் தெரியாது. முப்பது நாள் கழிச்சு வந்தா அறை பூட்டிக் கிடக்கு. அவருக்குப் பதிலா சுதீஷ்னு ஃப்ரெண்ட் வர்றேன்னு சொல்லிட்டான். இன்னும் ஒரு ஆளு வேணும். ஹாஸ்டல்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. வர்றேன்னு சொன்ன ஒருத்தியையும் எங்கப்பா போயி மிரட்டிட்டாரு. பக்கத்து மேசைக்காரரு எனக்கு வம்பு வேண்டாம்ங்கிறாரு."

"கெடு என்னைக்கு?"

"நோட்டீஸ் கொடுத்து மூணு மாசம். அடுத்த புதன்கிழமை முடியுது, செவ்வாய்க்கிழமைக்கு டைம் குடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் முதல்லேருந்து நோட்டீஸ், மறுபடி முப்பது நாள். அவருக்கு செப்டம்பர்ல விசா முடியுது மாமா. போனா திரும்பி வர விடுவாங்களான்னு தெரியாது."

ஒச்சியெங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முழங்கையால் இடிக்கவும், அவள் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே தமிழ் வாக்கியத்தைப் பவ்யமாகச் சொன்னான்: "மாமா, சாப்பிட்டாச்சா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பவா அதச் சொல்றது?"

"வேற தெரியாது" என்றான் மலையாளத்தில்.

புருஷன் பெண்டாட்டி மாதிரியே சண்டை போட்டார்கள், என் மேசைக்கு முன்னால், நாலு பேர் பார்க்க. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை அத்தம், ஓணம் தொடங்குத நாளு. எனக்கு டியூட்டி. வர முடியாது" என்றேன். எனக்கு அன்று டியூட்டி இல்லை.

அவள் கெஞ்சவில்லை. ஃபாரத்தை எடுத்து ஃபைலுக்குள் வைத்தாள். "நேரம் கிடைச்சா வாங்க மாமா. பதினோரு மணி" என்று மட்டும் சொன்னாள். படியில் இறங்கும்போது அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒவ்வொரு தலையும் திரும்பியது. ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பார்வை இல்லை, நல்ல சிரிப்பும் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஊரின் கண்ணைத் தோலில் சுமந்துகொண்டு நடந்தார்கள். நான் அதற்கும் பொறாமைப்பட்டேன். எங்களைப் பார்த்து ஊர் ஒரு நாளும் திரும்பியதில்லை.

அன்றும் மறுநாளும் எனக்கு ஒரு கெட்ட நிம்மதி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: புதன் போனால் மறுபடி நோட்டீஸ், அதற்குள் விசா, அவன் விமானம் ஏறுவான், அவள் பொன்முடி பஸ் ஏறுவாள். அப்போது அவளுக்குத் தெரியும், ஒரு ஒப்பு இல்லாததால் ஒரு ஆள் எப்படி ஒன்றுமில்லாமல் போகிறான் என்று. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை மங்கலம் போன் செய்தாள். குரலில் சந்தோஷம்.

"சர்ட்டிபிகேட் வந்துட்டு தம்பி. உன் ஒப்புதான் காரியத்த முடிச்சுது."

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. எத்தனையோ கல்யாணங்களுக்கு நான் சாட்சி. எல்லாவற்றுக்கும் கடைசியில், அவனுக்கு யாருமே இல்லை என்பதற்கும் நானே சாட்சி. இனி இந்த ஊரில் என்னிடம் யார் ஒப்புக் கேட்டு வரப்போகிறார்கள்? நான் வாழ்க்கையில் கடைசியாகப் போட்ட சாட்சி ஒப்பு அந்த வில்லேஜ் ஆபீஸ் காகிதத்தில் கிடக்கும். அந்த எண்ணம்தான் என்னை எழுப்பியது. கருணை என்று சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவனுடைய நீலக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அனுமதி கிடைத்த சட்டைதானே. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ஊழியர்கள் அத்தப்பூக் கோலம் போட்டிருந்தார்கள், அதை மிதிக்காமல் எல்லோரும் ஓரமாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கௌசல்யா ஒரு கஸவுச் சேலையில், தலை கலைந்து, நெற்றியில் வியர்வையோடு நின்றிருந்தாள். சீப்பு கொடுக்க ஆள் இல்லை. என் சட்டைப் பையில் இருந்த சின்னச் சீப்பை நீட்டினேன். அவள் அதை வாங்கி, தலை வாருவதற்கு முன்னால் ஒச்சியெங்கின் காலரைச் சரிசெய்தாள்.

"டியூட்டின்னீங்களே மாமா?"

"மாத்திக்கிட்டேன்."

ஒச்சியெங் குனிந்து, "சாப்பிட்டாச்சா?" என்றான். இந்த முறை அவள் அவனை அடிக்கவில்லை.

கிளார்க் கிரீஷ் எனக்குப் பத்து வருடப் பழக்கம். "வெங்கிடேஷ் சேட்டனா? பூதம் சேட்டன் இல்லாம சாட்சி வந்தது இதாணு முதல் தடவை, இல்லே?" என்று சொல்லிவிட்டு, அவசர அவசரமாகப் பென்சில் எழுத்துகளின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தான். பூக்கோலப் போட்டிக்கு நடுவர் வந்துகொண்டிருந்தாராம். சர்ட்டிபிகேட் புத்தகத்தில் அப்படியே பெயர்த்து எழுதி, என் பக்கம் திருப்பினான்.

"இவிடெ ஒப்பு."

பேனாவை எடுத்தேன். முதல் சாட்சி ராகேல். இரண்டாவது வரியில் பூதலிங்கம் இல்லை. ஃபாரத்தில் அவனை ரப்பர் போட்டு அழித்து எழுதிய சுதீஷ்தான் இங்கேயும், ஸ்ரீகாரியத்தில் ஏதோ ஒரு வாடகை வீட்டு விலாசம். மூன்றாவது வரியில் நான். எனக்கு நேராக, பூதலிங்கம் எழுதியபடியே, கிரீஷ் மை ஓட்டியபடியே: மேப்படி.

சர்க்கார் புத்தகப்படி நான் இப்போது ஸ்ரீகாரியத்தில் சுதீஷ் வீட்டில் தாமசம்.

கிரீஷிடம் சொல்லியிருக்கலாம். ஒரு கோடு அடித்து, கரமனை என்று எழுதி, பக்கத்தில் சின்ன ஒப்புப் போட்டால் முடிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். சாட்சி விலாசம் தப்பினால் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் சொன்னது நினைவு வந்தது. எழுதினவனுக்கு நாணக்கேடு, அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அவன் எழுதிய ஒரு காகிதத்திலும் பிழை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

வாயை மூடிக்கொண்டு ஒப்புப் போட்டேன். அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. கௌசல்யா அழுதாள், ஒச்சியெங் அழுதான், ராகேல் படம் எடுத்தாள். நான் அப்போதும் பொறாமைப்பட்டேன். அது ஒரு கையெழுத்தில் போகிற நோய் இல்லை. ஆனால் முதல் தடவையாக, அவர்கள் ஆட்டோவில் ஏறும்போது, "பாத்துப் போங்க பிள்ளைகளா" என்று சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்தில் சுதீஷ் நின்றிருந்தான். இருபத்தேழு வயது இருக்கும். நல்ல உயரம், சுருட்டை முடி. "சேட்டன் எவிடெயா தாமசம்?" என்று கேட்டான்.

பூதலிங்கம், கேட்டாயா? இருபத்துநாலு வருடத்தில் ஒரு நாளும் நீ பொறாமைப்பட்டதில்லை. இப்போது பட்டுப் பார். அந்த மேப்படி உன் கையெழுத்தில்தான் இருக்கிறது.